கைப்பிடியில்லாமல் நடக்கும் வரை

அக்கா விழுந்தது காலை நேரத்தில், கடையில், யாருக்கோ மிளகு நிறுத்துக்கொண்டிருந்தபோது. "என்னங்க இது, கை சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்று அவளே சிரித்துக்கொண்டு சொன்னாளாம். மச்சான் திரும்பிப் பார்ப்பதற்குள் மிளகும் தட்டும் அவளும் தரையில் கிடந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஜீப்பை எடுத்தார். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறக்கினார்கள். நான் சேலத்தில்தான் கல்லூரியில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். மருத்துவமனை வாசலுக்கு அவர்களுக்கு முன்பே போய்விட்டேன். ஜீப் இப்போது எந்த வளைவில் வந்துகொண்டிருக்கும் என்று மனத்துக்குள் எண்ணியபடி நின்றிருந்தேன்.

பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். பேச்சு சீக்கிரமே திரும்பிவிட்டது. கொஞ்சம் குழறல் இருந்தாலும் அக்காவின் பேச்சுதான், அதே அதிகாரம். வலது காலும் கையும் திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த டாக்டர் மச்சானைத் தனியாகக் கூப்பிட்டார். "மூணு மாசம் பாருங்க. அதுக்குள்ள எவ்வளவு வருதோ அவ்வளவுதான். அதுக்கு மேல பெருசா எதிர்பார்க்காதீங்க" என்றார். வீணாக நம்பவைக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் சொன்னதுதான். மச்சான் அதை மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. மலையேறும் வழியிலேயே, காரின் முன்சீட்டில் உட்கார்ந்து அழுதபடி எல்லாவற்றையும் என்னிடம் சொல்லிவிட்டார். பின்சீட்டில் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்த அக்காவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அக்கா என்னைவிட மிகவும் மூத்தவள். அம்மா போன பிறகு என்னைப் படிக்கவைத்தவர்கள் அவளும் மச்சானும்தான். கடைவீதியில் மிளகு, காப்பித்தூள், தேன் விற்கும் சிறிய கடை அவர்களுடையது. வீடு கடைவீதிக்குப் பின்னால் மேட்டில் இருக்கிறது. கீழே அவர்கள், மாடி அறையில் நான். தினமும் காலை பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கி, சாயங்காலம் ஏறி வருவேன்.

நான் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பவள். ஒரு நிகழ்வு நடக்கும் வரை எவ்வளவு காலம் ஆகிறது என்பதை ஆராயும் முறைகள்தான் என் முனைவர் பட்டத்துக்கான பாடம். நோயாளி இறக்கும் வரை, இயந்திரம் பழுதாகும் வரை, வேலையில்லாதவருக்கு வேலை கிடைக்கும் வரை, எதுவாகவும் இருக்கலாம். கடைவீதியில் இதை விளக்கும் பொறுப்பை மச்சான் எடுத்துக்கொண்டிருந்தார். "யாரு எப்பச் சாவாங்கன்னு கணக்குப் போடற படிப்புங்க" என்பார். அதைக் கேட்டுச் சிலர் என்னிடம் ஆயுள் காப்பீட்டைப் பற்றி விசாரித்தார்கள். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் தன் ஜாதகத்தையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் மலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் சின்ன மருத்துவமனை உண்டு. அங்கிருந்து அக்காவுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். முப்பதுகளில் இருக்கும் பெண். எஸ்டேட் குடும்பத்தில் பிறந்து, மிஷன் பள்ளியில் படித்தவர். மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்திறங்குவார். வாழவந்தி, குப்பனூர்ப் பாதை என்று எல்லாப் பக்கமும் அவர்தான் போய்வருவார். கையில் கருவி எதுவும் இருக்காது. எங்கள் வீட்டு நாற்காலி, சுவர், சமையலறை மேடை, இவைதான் அவருக்குக் கருவிகள்.

முதல் நாளே அக்காவோடு சண்டை.

"எந்திரிச்சு நில்லுங்க அக்கா."

"என்னால முடிஞ்சா உன்னை எதுக்குங் கண்ணு கூப்புடறாங்க?"

"முடியாதுன்னு தெரிஞ்சுதானுங்க சொல்றேன். நில்லுங்க."

அக்கா திட்டினாள், அழுதாள், நின்றாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் நடுங்க, பிசியோதெரபிஸ்ட் இடுப்பில் கைகொடுத்துத் தாங்க, நின்றாள். பிறகு அப்படியே நாற்காலியில் சரிந்தாள். "நாளைக்கு வராத" என்றாள். மறுவாரம் அவர் வரச் சற்றுத் தாமதமானபோது, "எங்க இன்னும் காணோம்?" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவளும் அவள்தான்.

வாரங்கள் போயின. அக்கா ஒரு கையால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாலெட்டு வைப்பாள். கையை விட்டால் உடம்பு ஒருபக்கமாகச் சாயும். வலது கை மடியில் தூங்கும் குழந்தைபோலக் கிடந்தது. தொழுகையை நாற்காலியில் உட்கார்ந்தே முடித்தாள்.

மூன்று மாதம் முடிந்ததை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு உள்ளறைக் கட்டிலைப் பிரித்து, முன்னறையில் ஜன்னல் ஓரமாகப் போட்டார். கடைவீதி அங்கிருந்து தெரியும்.

"எதுக்குங்க இது?" என்று அக்கா கேட்டாள்.

"உனக்கு வசதியா இருக்குமே. படுத்துக்கிட்டே எல்லாத்தையும் பாக்கலாம். கடைய இனி நான் பாத்துக்கறேன். நீ ஒன்னுத்துக்கும் கவலப்படாத."

"என்னை வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா? கட்டிலத் திரும்ப உள்ள போடுங்க."

மச்சான் என்னைப் பார்த்தார். ஆட்கள் மறுபடியும் கட்டிலைப் பிரித்தார்கள்.

அந்த வாரம் வந்த பிசியோதெரபிஸ்டின் முகம் சரியில்லை. பயிற்சி முடிந்ததும் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பதை மருத்துவமனை நிறுத்தப்போகிறது என்றார். சில வருடங்களாகச் சேர்ந்த நோயாளிகளின் விவரங்களைச் சேலத்தில் ஒருவரிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருத்துவமனைக்கு வந்து பயிற்சி எடுத்தவர்கள், வீட்டிலேயே எடுத்தவர்கள், இந்த இரு பிரிவினருக்கும் வித்தியாசமே இல்லை என்று முடிவு வந்திருக்கிறது. வித்தியாசம் இல்லையென்றால் மழையிலும் மேட்டிலும் ஒருவரை எதற்கு அலைய விட வேண்டும் என்று நிர்வாகக் குழு கேட்கிறது.

"வித்தியாசம் இருக்குதுங்க டீச்சர். நான் கண்ணால பாக்கறேன். ஊட்டுல செய்யறவங்கதான் நொம்ப நல்லா வர்றாங்க. ஆரம்பத்துல இருந்தே. நீங்க இதே கணக்குத்தானுங்களே படிக்கறீங்க? ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

எனக்கு உடனே ஆசை வந்தது. அடுத்த நொடியே தயக்கமும் வந்தது. என் சொந்த அக்கா அந்தப் பயிற்சியை நம்பி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள். எந்தப் பதில் வந்தால் எனக்கு நல்லது என்று கணக்கைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரியும். இப்படிப்பட்டவரிடம் ஒரு தரவைக் கொடுக்கக் கூடாது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவளே நான்தான்.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு மருத்துவமனையின் தலைமை டாக்டரைப் போய்ப் பார்த்தேன். மெலிந்த, வயதான மனிதர். என் நிலைமையை மறைக்காமல் சொன்னேன். நான் என்னென்ன செய்யப்போகிறேன், எதை எதோடு ஒப்பிடுவேன், எத்தனை விதமாகச் சோதிப்பேன் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி அவரிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னேன். பெயர்களையும் ஊர்களையும் நீக்கிவிட்டுத்தான் எனக்குத் தர வேண்டும். என் அக்காவின் விவரம் அதில் இருக்கவே கூடாது.

"வர்ற முடிவு உங்களுக்குப் பிடிக்கலைன்னா?" என்று கேட்டார்.

"அதையும் கொண்டாந்து உங்ககிட்டக் குடுப்பேனுங்க."

தலையாட்டினார்.

வேலையை ஒரு சனிக்கிழமை காலை தொடங்கினேன். இங்கே நாங்கள் எடுத்துக்கொண்ட நிகழ்வு, கைப்பிடி இல்லாமல், யாரையும் எதையும் தொடாமல், அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடப்பது. நோய் கண்ட நாளிலிருந்து அதுவரை எவ்வளவு காலம் என்பதுதான் கேள்வி. என் துறையில் நிகழ்வு எதுவானாலும், அது நடக்கும் வேகத்துக்கு 'அபாய வீதம்' என்றே பெயர். சாவை எண்ணத் தொடங்கிய காலத்தில் வைத்த பெயர் அப்படியே தங்கிவிட்டது. அக்காவிடம் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். "நடக்கறது அபாயமா? நம்ம ஊட்டு மேட்டுக்குச் சரியாத்தான் வெச்சிருக்காங்க."

நடந்தவர்களைப் பற்றிய கணக்கு சுலபம். சிரமம் மற்றவர்களிடம்தான். பாதியில் மகன் வீட்டோடு சேலத்துக்கோ பெங்களூருக்கோ போய்விட்டவர்கள், வருவதை நிறுத்திவிட்டவர்கள், விவரம் சேகரித்த கடைசி நாள்வரை பிடித்துக்கொண்டே நடந்தவர்கள். இவர்கள் நடக்காதவர்கள் இல்லை. நாம் பார்த்தவரை நடக்காதவர்கள். அவர்களைத் தூக்கி எறிந்தாலும் தப்பு, தோற்றவர்கள் பட்டியலில் சேர்த்தாலும் தப்பு. நம் கண்ணில் பட்டிருந்த காலம்வரை அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நடக்கும் முன்பே இறந்துபோனவர்களும் இருந்தார்கள். அவர்களை 'இன்னும் நடக்கவில்லை' என்று வைக்க முடியாது. அவர்களுக்குத் தனிக் கணக்கு.

முதலில் சேலத்துக்காரர் செய்ததையே திரும்பச் செய்தேன். அவர் செய்ததில் பிழை இல்லை. எல்லோரும் பயன்படுத்தும் முறை அது. இரண்டு பிரிவினரின் வேகத்தையும் ஒப்பிட்டு ஒரே ஓர் எண்ணைத் தரும். வயது, நோயின் கடுமை, தூரம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும் அந்த எண் 'இரண்டும் ஒன்றுதான்' என்றே சொன்னது. ஆனால் அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பிரிவு மற்றதைவிட எவ்வளவு மடங்கு வேகமோ, அந்த மடங்கு முதல் வாரத்திலும் ஆறாவது மாதத்திலும் மாறாமல் இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்று பார்க்க இரு பிரிவினரின் வேகத்தையும் ஒரே தாளில் கோடுகளாக வரைந்தேன். அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

நாற்காலியை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய் நின்றேன். வெளியே பனி இறங்கியிருந்தது. சந்தோஷப்படாதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

என் ஆராய்ச்சியே இப்படிப்பட்ட இடங்களுக்கான முறைகளைப் பற்றியதுதான். அந்த முறைகளில் வேகத்தை ஒரே எண்ணாக வைக்காமல், காலத்தோடு சேர்ந்து வளைந்து கொடுக்கும் கோடாக வைப்போம். அந்தக் கோட்டைச் சிறு துண்டுகளாக வரைந்து, சேரும் இடத்தில் முறிவு தெரியாமல் இணைப்போம். சேரும் இடங்களுக்கு முடிச்சு என்று பெயர். முடிச்சு குறைந்தால் கோடு விறைத்துக்கொள்ளும். கூடிப்போனால் ஒவ்வொரு தனி ஆளின் பின்னாலும் ஓட ஆரம்பித்துவிடும். எத்தனை முடிச்சு என்பதை என் விருப்பத்துக்கு விட்டால் நான் விரும்பிய படத்தை வரைந்துகொள்ளலாம். அதனால்தான் டாக்டரிடம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அதன்படியே குறைத்தும் கூட்டியும் பார்த்தேன். வார நாட்களில் கல்லூரி முடிந்து வந்து கொஞ்ச நேரம், சனி ஞாயிறு முழுக்க, அதே வேலை. மச்சான் தட்டில் எதையாவது வைத்துவிட்டுப் பேசாமல் இறங்கிப் போவார்.

முடிச்சுகளை மாற்றினாலும் வடிவம் பெரிதாக மாறவில்லை. முதல் மாதங்களில் மருத்துவமனைக்கு வந்து செய்தவர்கள் வேகமாக நடக்கத் தொடங்கினார்கள். வீட்டில் செய்தவர்கள் பின்தங்கியிருந்தார்கள், அதுவும் கொஞ்சமாக இல்லை. பிறகு மருத்துவமனைக்கு வந்தவர்களின் வேகம் சரிந்து அடங்கிவிட்டது. வீட்டில் செய்தவர்களின் வேகமோ மூன்று மாதத்துக்குப் பிறகும் அடங்காமல், மெல்ல ஏறி, வெகுநாள் நீடித்தது. முன்பாதி இழப்பும் பின்பாதி லாபமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, சராசரியில் 'வித்தியாசம் இல்லை' என்று ஆகியிருந்தது.

பிசியோதெரபிஸ்டை வீட்டுக்கு வரவழைத்துப் படத்தைக் காட்டினேன். அவர் முதலில் பார்த்தது முன்பாதியைத்தான்.

"இது தப்புங்க."

"தப்பில்லைங்க. எல்லா விதத்துலயும் பாத்துட்டேன்."

"அப்ப ஆரம்பத்துல நான் ஊட்டுக்குப் போய்ப் பாத்தவங்களுக்குக் கெடுதலா பண்ணியிருக்கேன்?"

"கெடுதல்னு இல்லைங்க. ஆஸ்பத்திரியில தினமும் பயிற்சி. சமதளம், ரெண்டு பக்கமும் கம்பி. நீங்க வாரத்துக்கு ஒருக்காவோ ரெண்டு தடவையோதான் ஒரு ஊட்டுக்குப் போக முடியுது. ஆரம்பத்துல அது பத்தலை. அவ்வளவுதான் இது சொல்லுது."

"உதவி கேட்டா நீங்க எனக்கு எதிராவே கணக்குப் போட்டு வெச்சிருக்கீங்க" என்று சொல்லி மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "ஏங் கண்ணு, கோவிச்சுக்கிட்டுப் போனா என் காலுக்கு யாரு பதில் சொல்லுவாங்க? உள்ள வா, டீயக் குடி. மிச்சப் படத்தையும் பாத்துட்டுப் போ."

அவர் வந்தார். டீ குடித்தார். பின்பாதியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பேச ஆரம்பித்தார். மருத்துவமனைக்கு வருபவர்கள் கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுகிறார்கள். கூட ஒருத்தர் கூலியை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கிறது. தவிர, கம்பி பிடித்துச் சமதளத்தில் நடந்தவர் தன் வீட்டு வாசல் சரிவில் நின்றதும் பயந்துபோகிறார். வீட்டில் பழகியவருக்கு அந்தச் சரிவிலேயே கால் பழகுகிறது. ஆனால் நாளாகிறது. இதெல்லாம் சரியான காரணமா என்று என் கணக்கால் சொல்ல முடியாது. ஆனால் எங்கே காரணம் தேட வேண்டும் என்று அது காட்டியிருந்தது.

"குழுக்கூட்டத்துல முன்பாதியையும் சொல்லத்தான் போறீங்களா?" என்று போகும்போது கேட்டார்.

"சொல்லாம விட்டா பின்பாதிய யாரு நம்புவாங்க?"

கூட்டம் ஒரு பிற்பகலில் நடந்தது. தலைமை டாக்டர், நிர்வாகி, குழுவில் மூன்று நான்கு பேர், ஓரமாகப் பிசியோதெரபிஸ்ட். முதலில், என் அக்காவும் இந்த வீட்டுப் பயிற்சியை எடுப்பவள்தான் என்பதைச் சொன்னேன். பிறகு படத்தை வைத்து முழுவதையும் சொன்னேன். நிர்வாகி பொறுமையான மனிதர்தான், ஆனாலும் கடிகாரத்தைப் பார்த்தார்.

"மேடம், கடைசியா ஒரே வரியில சொல்லுங்க. ஊட்டுக்குப் போறது நல்லதா, இல்லையா?"

"ஒரே வரியில கேட்டதாலதானுங்க இத்தனை சிக்கலும். சேலத்துல இருந்து கார்ல வர்றீங்க. சராசரி வேகம் என்னன்னு கேட்டா ஒரு நம்பர் சொல்லலாம். அந்த நம்பர் பொய்யில்லைங்க. ஆனா மலைக்குப் புதுசா வர்ற டிரைவர்கிட்ட, இந்த வேகத்துலயே ஓட்டிட்டுப் போன்னு குடுத்தா என்ன ஆகும்? அடிவாரத்துல பின்னால வர்றவன் ஹாரன் அடிப்பான். கொண்டை ஊசி வளைவுல வண்டி நேரா பள்ளத்துக்குப் போயிரும்."

தலைமை டாக்டர் சிரித்தார். ஆனால் விடவில்லை. படத்தின் வலது ஓரத்தில் விரலை வைத்தார். "கடைசிப் பக்கம் ஆளுங்களே கம்மியா இருக்காங்களே? இதை எப்படி நம்பறது?"

"அரைகுறையாத்தானுங்க டாக்டர் நம்பணும். அதனாலதான் எவ்வளவு தப்பலாம்னு காட்டற பட்டை கோட்டச் சுத்தி அங்க அகலமா இருக்கு. லாபம் எவ்வளவுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. தூரத்துல இருக்கறவங்களுக்கும் பக்கத்துல இருக்கறவங்களுக்கும் நான் பாக்காத வித்தியாசம் வேற இருக்கலாம். உறுதியாச் சொல்றது ஒன்னுதான். வித்தியாசம் இல்லைன்னு சொல்லி இதை நிறுத்த முடியாது. வேற காரணத்துக்காக நிறுத்தறதுன்னா, அந்தக் காரணத்தச் சொல்லி நிறுத்துங்க."

குரல் உயர்ந்துவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது பிசியோதெரபிஸ்ட் எழுந்தார்.

"ஆரம்பத்துல ஆஸ்பத்திரிதான் நல்லதுன்னு டீச்சர் சொல்றாங்க. எனக்குப் புடிக்கலைங்க. ஆனா அதுதான் நெசம்னா, முதல்ல கொஞ்ச காலம் இங்கயே தங்க வெச்சுப் பயிற்சி குடுக்கலாமுங்க. பழைய பிரசவ வார்டு சும்மாதான கெடக்குது? அப்புறம் நான் அவங்க ஊட்டுக்குப் போறேன். நிறுத்தாம."

அன்று முழு முடிவு எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எடுத்தார்கள். பழைய வார்டில் தூரத்து ஊர்க்காரர்கள் துணைக்கு ஒருவரோடு தங்கலாம். அதன் பிறகு வீட்டுப் பயிற்சி தொடரும். ஒரு வருடம் பார்த்துவிட்டு மறுபடியும் பேசலாம். நான் நினைத்ததைவிட இது குறைவு, பயந்ததைவிட அதிகம்.

முதல் கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் அக்கா என்னை உட்காரவைத்துக் கேட்டாள். "ஊருக்கெல்லாம் சொன்ன. எனக்குச் சொல்லு. நான் நடப்பேனா?"

"உனக்குன்னு தனியாச் சொல்ல முடியாதுக்கா. உன்னை மாதிரி இருந்தவங்கள்ல, மூணு மாசத்துக்கு அப்புறமும் நடந்தவங்க இருக்காங்க. நடக்காதவங்களும் இருக்காங்க."

"நடந்தவங்க விடாமச் செஞ்சவங்களா?"

"அதெல்லாம் அந்தக் கணக்குல இல்லக்கா."

"இல்லாட்டிப் போவுது" என்றாள். நாற்காலியின் கையை அழுத்தி எழுந்தாள். "புடிச்சுக்க. கொல்லப்பக்கம் வரைக்கும் போயிட்டு வரலாம்."

அதன் பிறகு எங்கள் வீடு ஒரு பயிற்சிக்கூடமாகிவிட்டது. காலையில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை, மச்சான் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்ததும் ஒருமுறை, நான் திரும்பியதும் ஒருமுறை. அக்கா விழவும் செய்தாள். ஒருமுறை முட்டி நன்றாக வீங்கிவிட்டது. மச்சான் போதும் என்றார். "போதுங்கறத நான் சொல்றேன். நீங்க ஒத்தடம் குடுங்க" என்றாள். கையில் எந்த முன்னேற்றமும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் கைக்கும் பயிற்சி கொடுத்தார். ஆனால் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அக்காவும் கேட்பதில்லை.

மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கியிருந்த ஒரு காலை. முன்னறையிலிருந்து சமையலறைக்கு அக்கா கையை விட்டு நடந்தாள். ஒவ்வோர் அடிக்கும் நடுவே நின்று, மூச்சை இழுத்து, அடுத்த அடி. மச்சான் கூடவே கைகளை விரித்துக்கொண்டு நடந்தார், தொடாமல். சமையலறை வாசலை அக்கா கடந்தபோது அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார்.

பதிவேட்டோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் நகரவில்லை. "கதவு நிலையத் தொட்டுட்டீங்க அக்கா."

"எங்க தொட்டேன்?"

"இடது கை விரல் பட்டுச்சுங்க. நான் எழுத மாட்டேன்."

"ஏனுங்க, ஒரு விரல் பட்டதுக்கா?" என்று மச்சான் கெஞ்சினார். எனக்கும் கேட்கத் தோன்றியது. ஆனால் ஒரு விரலுக்கு இன்று விட்டுக்கொடுத்தால் நாளை யாருடைய கணக்கை நம்புவது?

அக்கா அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள். பிறகு சமையலறை மேடையில் சாய்ந்து மூச்சு வாங்கினாள். "நகருங்க எல்லாரும்" என்றாள். திரும்பினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் சேலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்படியே, நிலையைத் தொடாமல், சுவரைத் தொடாமல், சமையலறையிலிருந்து முன்னறைக்கு நடந்து வந்து நாற்காலியின் முன்னால் நின்றாள். உட்காரவில்லை.

"இப்ப எழுது."

பிசியோதெரபிஸ்ட் எழுதினார். எழுதும்போது அவருக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, "வலது கால் இன்னும் இழுக்குதுங்க. அடுத்த வாரம் படி ஏறணும்" என்றார்.

அந்த வருடக் கடைசியில் அக்கா கைத்தடியோடு மேட்டை இறங்கிக் கடைக்குப் போனாள். வலது கை வரவில்லை. இனி வரும் என்று அவள் எதிர்பார்ப்பதாகவும் தெரியவில்லை. இடது கையால் நிறுக்கவும் பொட்டலத்தைப் பல்லால் இழுத்துக் கட்டவும் பழகிக்கொண்டாள். நின்று தொழ ஆரம்பித்தாள். ஆனால் குனிந்து நிமிர்வது சிரமம் என்பதால் பாதிக்குப் பிறகு நாற்காலிதான்.

ஒரு வருடத்துக்குப் பிறகு மருத்துவமனையில் மறுபடியும் கூடினோம். புதிய நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து, முன்பு எழுதிக் கொடுத்த அதே முறையில் பார்த்திருந்தேன். முதல் மாதங்களின் பின்தங்கல் பெருமளவு குறைந்திருந்தது. பின்பாதியைப் பற்றி இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. புதியவர்களில் பலர் அந்தக் காலத்தையே இன்னும் எட்டவில்லை. அதையும் சொன்னேன். நிர்வாகி இந்த முறை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. "அப்ப இன்னொரு வருசம் பாக்கலாமுங்களா?" என்று அவரே கேட்டார். டாக்டர் சரி என்றார்.

வெளியே வந்தோம். பிசியோதெரபிஸ்ட் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே, பழைய வார்டில் தண்ணீர் சரியாக வருவதில்லை என்றும், குப்பனூர்ப் பாதையில் முந்தாநாள் காட்டெருமை மறித்து நின்றது என்றும் சொன்னார். வாழவந்தியில் ஒருவரைப் பார்க்க வேண்டியிருந்தது அவருக்கு. வண்டியை எடுத்தார். நான் கடைவீதி வழியாக வராமல் ஏரிப்பக்கம் சுற்றி நடந்து வீடு சேர்ந்தேன்.

வாசலில் மச்சான் தனியாக உட்கார்ந்திருந்தார். அக்கா எங்கே என்று கேட்டேன்.

"கடையிலதாம்மா. கூட்டிட்டுப் போலாம்னுதான் நின்னேன். சாவியக் குடுத்துட்டு நீங்க முன்னால போங்கன்னு தொரத்தி விட்டுட்டா" என்றார்.